மூன்றாம் பாகத்தை ஏன் விற்கவில்லை

கேம் கடைக்காரன் நாள் முழுக்க விளையாடிக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறவர்கள், ஹோட்டல்காரன் மூன்று வேளையும் பிரியாணிதான் தின்கிறான் என்றும் நினைப்பார்கள். மூணாறு பஜாரில், மாடியில், சில டிவிகளையும் கேம் பெட்டிகளையும் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறேன். எனக்கு விளையாட நேரமில்லை, "எது நல்லாருக்கும்ணே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே பொழுது சரியாக இருக்கிறது. ஜவுளிக்கடையோ செருப்புக்கடையோ, இந்தக் கேள்வியில் மாட்டி முழித்த எல்லாருக்கும் என் கஷ்டம் புரியும்.

எங்கள் கடையில் கேள்வி எப்போதும் ஒரே தொடரைப் பற்றித்தான். அதன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் நாங்கள் வைத்த பெயர் 'கோட்டை'. நாமே ஒரு வீரனாகி, ஊர் ஊராகச் சுற்றி, சண்டை போட்டு, பொருள் சேர்த்து, யாரோடு சேருவது என்பதையும் நாமே முடிவு செய்கிற ரோல்பிளே விளையாட்டு. நான்கு பாகங்கள் வந்திருக்கின்றன.

முதல் பாகம்: வழி

இதில் மேப் கிடையாது. அதுதான் குறை, அதுதான் அழகும். தேடிப் பிடித்து ஓர் ஊரை அடைந்தால் சொந்த ஊருக்கு வந்த நிம்மதி வரும். ஆனால் பாதிப் பேர் அதுவரை தாங்குவதில்லை.

ஜீப் ஓட்டும் சேகருக்கு, மழையில் டூரிஸ்ட் குறைந்தால் என் கடைதான் ஸ்டாண்டு. மலைப்பாதை எல்லாம் அத்துப்படியான மனுஷன், இந்த விளையாட்டுக் காட்டில் ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றிவிட்டு எழுந்தார். "டூரிஸ்ட்டு சும்மா சும்மா வழி கேட்டா எனக்குக் கோவம் வரும்ணே. இங்க கேக்கதுக்கும் ஒருத்தன் இல்லியே."

இரண்டாம் பாகம்: குதிரை

கதை என்று பார்த்தால் இதுதான் முதல். சண்டைதான் சப்பை, பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் ராட்சசன் செத்துவிடுவான். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, சித்தூர்ப் பக்கத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். அவர் மகள் விளையாட, அவர் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். கதையும் அவருக்குப் பொருட்டில்லை, சண்டையும் பொருட்டில்லை.

"ஏனுங்க, காத்தால இருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடுது, அந்தக் குதிரைக்கு ஒருவாய் தண்ணி காட்ட மாட்டாங்களா?"

மூன்றாம் பாகம்: இடம்

சண்டையும் கதையும் சரிசமமாக அமைந்தது இதில்தான். ஆனால் பெரிய குறை ஒன்று உண்டு. நிறுத்திய இடத்தைச் சேமித்து வைக்க ஒரு பெட்டியில் ஒரே ஓர் இடம்தான். இன்னொருவர் புதிதாக ஆரம்பித்தால் முந்தையவர் ஆடியதெல்லாம் அழிந்துபோகும். எங்கள் கடையில் அந்த இடம் சேகருக்கும் அவர் தம்பி மணிக்கும் சொந்தம். இருவரும் சேர்ந்து ஆரம்பித்த ஆட்டம் அது.

பிறகு அவர்கள் அப்பா எஸ்டேட் வேலையிலிருந்து ரிட்டையர் ஆனார். அவர் வேலையைப் பிள்ளைகளில் ஒருவர் எடுத்தால்தான் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு குடும்பத்திடம் இருக்கும். சேகர் சவாரிக்குக் கொச்சி போயிருந்தபோது மணி தேயிலை ஃபாக்டரியில் சேர்ந்துவிட்டான். வீடு அவன் பேருக்கு வந்தது. தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று சேகர் மனைவியோடு பஜாரில் ரூம் எடுத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சில்லை. ஆட்டத்தை மட்டும் இருவரும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி, மற்ற நாளில் அண்ணன். ஒரே வீரன், ஒரே வாள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்வார்.

"எவன் என் அம்பையெல்லாம் தீத்தது?" என்பார் சேகர், தெரியாதவர் மாதிரி. உங்கள் தம்பிதான் என்பேன்.

"அப்படி ஒருத்தன் எனக்கு இல்லண்ணே. பாலத்தத் தாண்டிட்டானா?"

நான்காம் பாகம்: தாராளம்

பார்க்கப் பார்க்க அழகு. சேமிக்க எத்தனை இடம் வேண்டுமானாலும் உண்டு. ஆனால் அத்தனை பெரிய நாட்டில் நமக்கென்று ஒருவரும் காத்திருப்பதில்லை, அதுதான் குறை. எல்லாரும் இதையே கேட்டதால், இது ஓடாத பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கத் தீர்மானித்தேன். பெட்டி போனால் உள்ளே இருக்கிற ஆட்டமும் போகும். அண்ணன் தம்பிக்குள் மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் சேகர் தலையை ஆட்டினார். மணியிடம், புதியதில் ஆளுக்கொரு இடம் கிடைக்கும், இனி சண்டையே வராது என்று தேற்றினேன். அவன் பழைய பெட்டியைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்ப அவரு என்ன செஞ்சாருன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

கடைசி ஞாயிறு

அன்று மணி செய்த காரியத்தைப் பார்த்து நான் பதறிவிட்டேன். மழைக்காலம் முழுக்கப் போராடி சேகர் ஜெயித்த பெரிய வாளை, விளையாட்டுச் சந்தையில் விற்றுவிட்டான். "அண்ணன் வந்தா என் கடையத்தான் உடைப்பாரு" என்றேன். அவன் படியிறங்கிப் போனான்.

மறுநாள் சேகர் வந்து உட்கார்ந்தார். வாளைக் காணோம். முகம் சிவந்துவிட்டது. பையைத் துழாவினார், உள்ளே ஒரு சாவி இருந்தது. அது எந்தக் கதவுக்கு என்று அலைந்து, மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீட்டைத் திறந்தார். வாளை விற்று வாங்கிய வீடு. ஒரே அறை, ஓர் அடுப்பு. வீரனை அங்கேயே நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட்டார். கீழே சவாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

"கட்டில் ரெண்டு வாங்கிப் போட்ருக்காண்ணே," என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "ஞாயித்துக்கெழம அவன் எத்தன மணிக்கு வருவான்?"

பழைய பெட்டியைக் கொடுக்காமலே புதிதையும் வாங்கிவிட்டேன். இப்போதும் எந்தப் பாகம் நல்லாருக்கும் என்று கேட்கிறவர்களிடம் கூசாமல் நான்காவதைக் கையில் கொடுத்துவிடுகிறேன், மூன்றாவதில்தான் இடமில்லையே.