ஓரத்தில் எழுதிய எண்

ஐந்தருவியில் வெள்ளம் வடியட்டும் என்று, எண்ணெய் தேய்த்த உடம்போடு காத்திருந்தேன்.

"அண்ணாச்சி, அசையாதிய" என்று ஓடி வந்தாள், வண்ணத்துப்பூச்சிகளின் இறகில் எண் எழுதிவிட்டு, அவை எத்தனை நாள் வாழ்கின்றன என்று பார்க்கும் ஆராய்ச்சி மாணவி. காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் நின்று நான் பார்க்கவில்லை.

என் துண்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நிறம் வெளிறி, இறகின் ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. குனிந்து பார்த்தவளின் முகம் வாடியது. எண்ணில் பாதிதான் மிச்சம்.

"ஓரத்துல எழுதித் தொலச்சிட்டேன். வயசாச்சுன்னா ஓரந்தான் மொதல்ல கிழியும். எதுன்னு இப்ப எப்படிக் கண்டுபிடிக்க?"

"திரும்ப வளராதா?"

"வளராது. கிழிஞ்சதோடதான் பறக்கணும்."

அது பறந்தது. அவளும் பின்னாலேயே ஓடினாள்.

இப்போதெல்லாம் கிழிந்த இறகு ஒன்று கண்ணில் பட்டால், பாதி எண் தெரிகிறதா என்று நானும் எழுந்து ஓடுகிறேன்.