வீட்டுக்கு எதிரே கிடந்த களம்

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன்பு ஜலகண்டாபுரத்தில் நடந்தது இது. நானும் என் மனைவியும் தறி நெய்து பிழைக்க அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதுவரை எந்த ஊரிலும் வாடகை வீடுதான். தறி போட வேண்டுமானால் தரையில் குழி வெட்ட வேண்டும். நெய்கிறவன் கால் அதற்குள்தான் இருக்கும். காலி செய்யும்போது, குழியை மூடி மெழுகிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள். வெட்டுவதும் மூடுவதுமாக எனக்கு வெறுத்துப் போயிற்று. யாரும் மூடச் சொல்லாத குழி ஒன்று வேண்டும், அதற்குச் சொந்த வீடு வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அங்கே மாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே தரகர். அந்த ஆள் வாயைத் திறந்து விலை சொல்ல மாட்டார். மாட்டுச் சந்தையில் செய்வது போலத் கையைத் துண்டால் மூடிக்கொண்டு விலைக்குத் தக்கபடி நம் விரலைப் பிடிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வாங்க வந்தது ஊடுங்க. இதுக்குப் பல்லையும் புடிச்சுப் பாக்கோணுமா?" என்று கையை உதறிவிட்டு வந்தேன்.

நேரே வீட்டுக்காரரிடமே போனேன். அவர் தச்சர். மேட்டூரில் வேலை கிடைத்துக் குடிபோவதற்காக விற்றார். ஓடு எங்கே ஒழுகும், எந்த உத்திரத்தில் கறையான் என்று அவரே ஏணி வைத்துக் காட்டினார். விற்கிறவன் குறையைக் காட்டி நான் பார்த்தது அன்றுதான். வீட்டுக்கு எதிரே நீளமாக, மேடு பள்ளம் இல்லாமல் வெற்றிடம். நூலை நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதைத்தான் பாவு போடுவது என்போம். அதற்கு இதைவிட நல்ல இடம் ஏது? பொது இடம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. நெசவு தெரியாத தச்சருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பத்திரம் பதிந்து திரும்பிய மத்தியானம் வழியில் தரகர் எதிர்ப்பட்டார்.

"ஊடு வாங்கிட்டீங்களாமா? சந்தோசமுங்க. பாவு எங்க போடுவீங்க?"

"ஊட்டுக்கு எதிர்லதான்."

"அது ராவுத்தர் களமுங்க. கடலைக்கா காய வெக்கற எடம். அவரு லேசுல ஆருக்கும் உட மாட்டாரு. நான் வேணா பேசிப் பாக்கட்டுங்களா? தரகை மட்டும் குடுத்துருங்க."

நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு ஓடினேன். எதிரே கால் வைக்க இடமில்லாமல் நிலக்கடலை பரப்பியிருந்தது. ஊருக்குப் பொதுவாகப் பாவு போடும் இடமான பாவடி இருப்பதோ மறுகோடியில்; அந்தத் தெருக்காரர்களுக்கே அங்கே முறை வருவது கஷ்டம். பாவு இல்லையென்றால் தறி இல்லை, தறி இல்லையென்றால் சோறு இல்லை.

கடலை மண்டி வைத்திருந்த அந்த ராவுத்தரை எனக்குப் பழக்கமில்லை. சண்டை போடுவது என்றே கிளம்பினேன். "உங்க வாயை நம்பித் தனியா உட முடியாதுங்க" என்று மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"இத்தனை எடத்தை ஒருத்தரே வெச்சுக்கிட்டா மத்தவன் எப்படிப் பொழைக்கறது?" என்று வாசலிலேயே கத்தினேன். அவர் இடத்தை அவர் வைத்திருக்கிறார். கோபம் வந்தால் எனக்கு நியாயம் தெரியாது.

அவர் முக்காலியை இழுத்து நிழலில் போட்டார். "உக்காருங்க. சண்டை போடறதுன்னாலும் நெழல்ல உக்காந்து போடலாமுங்க. நீங்க வருவீங்கன்னு தரகர் நேத்தே சொல்லிட்டாரு. ஒருக்கா உட்டா அப்பறம் களமே எங்களுதும்பீங்கன்னு சொன்னாரு."

"அவன் நாக்கை..." என்று நான் எழுந்தேன். மனைவி என் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"அது கெடக்குது. பாவு எப்பப் போடுவீங்க?" என்று ராவுத்தர் கேட்டார்.

மனைவி முந்திக்கொண்டாள். "விடியக் காலங்காத்தாலயுங்க. வெயில் ஏறுனா இழை அந்து போயிரும்."

"வெயில் ஏறுனாத்தானே எனக்குக் கடலைக்காயே காயும்!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர்தான் முதலில் சிரித்தார். வீடு பார்க்க நான் போனதெல்லாம் தறியில் உட்காருவதற்கு முன், விடியற்காலையில். களம் காலியாகக் கண்ணில் பட்டது அதனால்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கஞ்சி சிந்துனா கடலைக்காயில ஒட்டுமே?" என்றார்.

"மண்ணைத் தூவிக் கூட்டி உட்டுத் தாரேனுங்க" என்றாள் மனைவி.

"அப்பச் சரி. பாவு கட்ட நட்ட முளைக்குச்சியைப் புடுங்கிட்டுப் போயிருங்க, மாட்டுக் கால்ல குத்தும்."

வாடகை என்ன என்று கேட்டேன். "மழை வந்தா ஓடியாந்து ஒரு கை புடிங்க, போதும்" என்றார்.

அந்த வருஷமே மழை வந்தது. பாதி நெய்த சேலையை அப்படியே விட்டுக் குழியிலிருந்து எழுந்து ஓடினேன். அவரும் நாங்களும் சாக்கும் கூடையுமாக அள்ளினோம். ஒரு கடலைக்காய் நனையவில்லை என்று சொன்னால் பொய், முக்கால்வாசி தப்பியது.

என் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் யாரோடாவது சண்டைக்குக் கிளம்பும்போது, அந்த ஆளுக்கு எது எப்போது வேண்டும் என்று நேரில் கேட்டோமா என்று ஒரு நிமிஷம் நிற்கிறேன். இதை எழுதி முடித்ததும் போய் உட்காரப் போகிற, யாரும் மூடச் சொல்லாத குழி எனக்கு நிலைத்தது அப்படிக் கேட்ட ராவுத்தரால்தான்.