எமிகோ அம்மாவும் கொட்டாங்குச்சியும்

செவ்வாய்க்கிழமை காலை, லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தபோது சூலூரிலிருந்து கவிஞர் ஸ்டெல்லா போன் செய்தார். "அண்ணா, எமிகோ அம்மா போயிட்டாங்க." லோடை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கோவைக்குக் கிளம்பினேன். வண்டியில் உட்கார்ந்தும் உட்காராத மாதிரிதான் இருந்தது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எமிகோ அம்மா அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். கணபதியில் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே வாடகைக்கு வீடு பிடித்து, தமிழ் கற்று, நம் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, ஜப்பானியர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவருடைய தாயாரைச் சிறுவயதிலேயே முள்வேலி முகாமில் அடைத்திருந்தது. "எங்கம்மா தகரத் தட்டோட சோத்துக்கு வரிசையில நின்னவங்க. அப்பறம் சாகற வரைக்கும் ஊட்டுக்குள்ள தகரப் பாத்திரமே வாங்க விடலைங்க" என்பார்.

நான் உடுமலையில் கொட்டாங்குச்சியை மெருகேற்றிக் கிண்ணமாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன். என் அப்பா தோட்டக்கூலி. ஸ்டெல்லாவின் அப்பாவும் அப்படித்தான். தோட்டத்து முதலாளி வீட்டு வாசலில் தன் அப்பாவுக்குக் கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றியதை ஸ்டெல்லா கவிதையாக எழுதியிருந்தார். அந்த ஒரு கவிதைதான் எமிகோ அம்மாவைப் படுத்தி எடுத்தது. ஸ்டெல்லாவின் தொகுப்பில் மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் தயார், வெளிநாட்டுப் பதிப்பகமும் அவசரப்படுத்தியது. இவர் புத்தகத்தைக் கொடுக்க மறுத்துவிட்டு, ஸ்டெல்லாவோடு என் குடோனுக்கு வந்தார்.

அடுக்கியிருந்த கிண்ணங்களுக்கு முன்னால் அங்கேயும் இங்கேயும் நடந்தார். "எங்க ஊர்ல இதுல பழம் வெட்டிப்போட்டு போட்டோ எடுக்கறாங்க. கவிதையைப் படிச்சா, எவ்வளவு அழகான கிண்ணத்துல தண்ணி குடுத்திருக்காங்கன்னு நெனச்சுப்போடுவாங்க."

"ஒண்ணே ஒண்ணுதானுங்களே, அதை விட்டுப்போட்டு மத்ததை அனுப்புங்க" என்றேன். வியாபாரி வேறென்ன சொல்வான்?

"உங்கப்பா குடிச்சதையும் சேத்து விட்டுப்போடலாங்களா?"

சுருக்கென்றது. மெருகேற்றாத கொட்டாங்குச்சி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "குத்தவைச்சு உக்காருங்கம்மா." உட்கார்ந்தார். நான் நின்றபடியே சொம்பை நெஞ்சுக்கு மேலே தூக்கி ஊற்றினேன். சொம்பு கொட்டாங்குச்சியில் பட்டுவிடக் கூடாது. கூலியாட்களுக்கு அப்படித்தான் ஊற்றுவார்கள். பாதித் தண்ணீர் அவர் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது.

"ஏனுங்க மொதலாளி, வயசானவங்களைப் போயி இப்படியா?" என்று பேக்கிங் செய்யும் சரசக்கா சத்தம் போட்டார்.

"நீங்க சும்மா இருங்க அம்மணி. இன்னும் ஒசரமா ஊத்துங்க" என்றார் எமிகோ அம்மா.

முகத்தைத் துடைக்காமலே எழுந்தார். "இத்தனை நாள் கிண்ணத்தையே மொழிபெயர்த்துட்டு இருந்தனுங்க. இந்த ஒசரத்தை விட்டுப்போட்டேன்." சாப்பிட்டுப் போகச் சொன்னோம், நிற்கவில்லை. ஈரச் சட்டையோடு பஸ் ஏறிவிட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய். அப்போதும் சாய்ந்து படுக்க மாட்டேன் என்று நர்சுகளோடு சண்டை. பதிப்பகத்துப் பெண் ஒருவர், இவர் திருத்தி அனுப்பிய அந்தக் கவிதையைப் படித்த பிறகு தன் வீட்டுக் கொட்டாங்குச்சிக் கிண்ணத்தில் சாப்பிட முடியவில்லை என்று எழுதியிருந்தாராம். "உங்களுக்கு ஒரு கிராக்கி போச்சுங்க" என்று இருமிக்கொண்டே சிரித்தார்.

"போனாப் போகட்டுமுங்க" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன். ஆனால் அன்றிலிருந்து பேக்கிங் நடக்கும் பக்கம் நிலையாக நிற்க முடியவில்லை.

மின்மயானத்தில் ஸ்டெல்லா அந்தக் கவிதையைத் தமிழில் படித்தார். பிறகு எமிகோ அம்மாவின் ஆங்கிலத்தில் படித்தார். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் தண்ணீர் ஊற்றும் வரி வந்ததும், நின்ற இடத்திலேயே என்னையறியாமல் அண்ணாந்து பார்த்துவிட்டேன்.

அந்த ஒசரம் வந்து சேர்ந்துடுச்சுங்கம்மா. இனி நீங்க கிளம்பலாமுங்க.