கவரைப்பேட்டை ஸ்டாப்பில் ஒரு கேரவன்

இன்று காலை கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் ஆறு பேர் நின்றிருந்தோம். எதிரே ஒரு வீடே வந்து நின்றது. சக்கரம் வைத்த வீடு. கேரவன்.

கேமராவோடு ஒரு தம்பி இறங்கினார். பழவேற்காடு பாலம் தாண்டித் தீவுக்குப் போகிறார்களாம். ஒரு வாரம் வண்டியிலேயே தங்கி, கடற்கரையையும் மக்கள் பண்பாட்டையும் கண்டுபிடிக்கப் போகிறார்களாம்.

வழி சொன்னோம். அவர் விடவில்லை.

"இந்த ஏரியா மக்களுக்கே உரிய பழக்கம் ஏதாவது சொல்லுங்கக்கா" என்று கேமராவை மேரி அக்காவிடம் நீட்டினார். எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் அவர்தான் சீனியர்.

"காலைல ஊட்ல இருந்து கெளம்பசொல்லோ பொம்பளைங்க யாரும் தண்ணி குடிக்க மாட்டோம்" என்றார் அக்கா.

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. "வாவ்! விரதமா? எந்த சாமிக்கு?"

"சாமிக்கு இல்ல நைனா. இந்த ஸ்டாப்புல கக்கூஸ் இல்ல. பஸ்ஸு எப்ப வரும்னு அதுக்கே தெரியாது."

கேமரா இறங்கியது. அக்கா வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள கக்கூஸ் கீதா?"

"இருக்குக்கா."

"தண்ணி வருதா?"

ஆறு பேரும் வரிசையாக ஏறி இறங்கினோம். தீவுக்குப் போகவேண்டிய கேரவன், காலியான தண்ணீர்த் தொட்டியை நிரப்ப டீக்கடைக் குழாயடிக்குப் போனது.

நண்பர்களே, நாளைக்கும் இந்தப் பக்கமாகப் பண்பாடு தேடி யாராவது கேரவனில் வருகிறீர்களா? இப்போதே கமெண்ட்டில் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வருவோம்.