நிற்காமல் ஓடினாள்

அப்பா இறந்த செய்தி வந்ததும் ஜெர்மனியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு பாகலூருக்குக் கிளம்பினேன். "அக்கா, ஐஸ்பெட்டில வெச்சிருக்கோம். நீ வந்து வாய்க்கரிசி போட்டாத்தான் எடுப்போம்" என்றான் தம்பி.

விமானம் மாற வேண்டிய ஊரில் சோதனை வரிசை நகரவே இல்லை. தோளில் கைக்குழந்தை வீறிட்டு அழ, ஐந்து வயது மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள். கெஞ்சியும் திறக்கவில்லை. அடுத்த விமானம் மறுநாள்தான்.

தம்பியை அழைத்தேன். "எனக்காக வெச்சிருக்காதீங்கடா, எடுத்துருங்க."

மகள் என் துப்பட்டாவை இழுத்தாள். "நான் நிக்காம ஓடுனேன்ல அம்மா? தாத்தாவப் பாத்துரலாம்ல?"

அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய ஒரு காலில் ஷூ இல்லை. வழியில் கழன்று விழுந்ததை அவள் சொல்லவே இல்லை.

அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத துக்கம்கூட மெல்ல ஆறுகிறது. அந்தச் சின்ன வெறுங்காலை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.