கடலுக்குள் இருந்த குளிர்

என் மனுசன் ஊரில் ஒரு தீவிலே பிறந்தவர். கடலைப் பற்றி அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. நான் திறந்து திறந்து களைத்துப் போயிருந்தேன்.

வெளிநாட்டுக்கு வந்து, தொண்ணூறுகளின் நடுவில், பகேரியா என்ற சிறு பட்டினத்துக்குக் கீழே கடலோரத்தில் இருந்த ஒரு வீட்டை நாங்கள் சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரி, நாங்கள் சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிறவ, குடும்பத்தோடு நகரத்துக்குள் பொலிதேயாமாப் பக்கம் இருந்தா. கோடைக்கு மட்டும்தான் இங்கே வருவார்கள். மற்ற மாதங்களில் அத்தனை அறைகளுக்கும் நாங்கள் இரண்டு பேர். கதிரைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருக்கும். ஒரு அறையைத் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குள் போனால், விட்டுவந்த அறையில் யாரோ எழும்பி நிற்பதுபோல் இருக்கும். அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

கீழே கொட்டிலில் சிஞ்ஞோராவின் மகனுடைய கயாக் கிடந்தது. ஒரு ஆள் மட்டும் காலை நீட்டி உள்ளே இருந்து, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் வலிக்கிற ஒடுங்கிய வள்ளம். வேண்டுமான நேரம் எடுங்கள் என்று அவன் சொல்லியிருந்தான். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஒரு தை மாதம், ஊருக்குப் போய் வந்த ஒருவர், காயவைத்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா கொண்டுவந்து தந்தார். கூழ் காய்ச்சுவதென்று முடிவாயிற்று. அதற்குள் போட வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்கி வரச் சொன்னேன். சந்தை மீனில் கூழா என்று முகத்தைச் சுளித்துவிட்டு, தூண்டிலோடு கொட்டிலுக்குப் போனார்.

காற்றைப் பார்த்தார், நீரோட்டத்தைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சில நாட்களாக அடித்த வடகாற்று ஓய்ந்து வெயில் எறித்தது. தூரத்து மலையில் மட்டும் பனி கிடந்தது. தண்ணீருக்குள் கையை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் கடலில் யாருக்கும் அந்தத் தேவை வந்ததில்லை. அங்கே கடல் பொங்கும், இழுக்கும், ஆளைக் கொண்டுபோகும். குளிரால் கொல்லும் என்று எந்தத் தீவான் நினைப்பான்?

நான் மேல்மாடி யன்னலைத் திறந்துவைத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவர் இருந்தார். தூண்டிலை இழுக்க ஒரு பக்கம் சரிந்தார், வள்ளம் கவிழ்ந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலை உருவி வெளியே வந்தவர், வள்ளத்தைப் பிடித்து நிமிர்த்தக் கனநேரம் மல்லுக்கட்டினார். பிறகு அதை விட்டுவிட்டுக் கரையைப் பார்த்து நீந்தினார். ஊரில் என்றால் அப்படித்தான் செய்வார்கள்.

கரைக்குக் கிட்ட வந்தபோது நீச்சல் மாறியது. தலை நேராக நின்றது. கைகள் முன்னால் வராமல், ஏணியில் ஏறுகிறவரைப் போல நீரைத் தட்டின. வாய் திறந்து திறந்து மூடியது. கடலில் ஒரு அலைகூட இல்லை. எங்கோ ரயில் போகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருடைய குரல் மட்டும் வரவில்லை.

படியால் இறங்கி ஓடினேன். இடுப்பளவு தண்ணீருக்குள் போனதும் நெஞ்சை யாரோ இறுக்கியதுபோல் மூச்சு நின்றது. அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவருடைய குரல் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டி அவருடைய சட்டையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன்.

எங்களைக் கண்ட பக்கத்து வீட்டு மனுசி அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் கம்பளியோடு ஓடிவந்தா. அவருக்குப் பல் கிட்டி உடம்பு உதறிக்கொண்டிருந்தது. பிறகு உதறல் நின்றுவிட்டது. நல்லதென்று நினைத்தேன். அந்த மனுசி சிலுவை போட்டுக்கொண்டா. இவர் வேர்க்குது என்று சொல்லிக் கம்பளியை விலக்கி, சட்டையைக் கழற்றப் பார்த்தார். உதடு நீலமாக இருந்தது. விருந்துக்கு வந்தவரைப் போலப் பணிவாகச் சிரித்தார்.

“அக்கா, என்ரை மனிசி இஞ்சைதான் நிண்டவ. கண்டனீங்களோ?”

என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

“ஓம், கண்டனான்.”

“அவ பயந்து போவா. நான் வாறன் எண்டு சொல்லுங்கோ.”

சொல்லுறன் என்றேன். அவர் கண்ணை மூடினார். நான் அவரைக் கம்பளியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். வள்ளத்தை விட்டிருக்கக் கூடாது, குளிர் முதலில் கைகால்களைத்தான் செயலிழக்க வைக்கும், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டர் ஏசினார். அவரோடு சேர்த்து நானும் ஏச்சு வாங்கினேன்.

உயிரோடு வீட்டுக்கு வந்தார். கரையில் என்னிடம் கேட்டது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆனால் தண்ணீருக்குள் இருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தியதும், நான் யன்னலில் சும்மா நின்றதும் நன்றாக நினைவிருக்கிறதாம். சத்தமே வரவில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அவர் நம்புவதில்லை.

அன்றிலிருந்து எனக்கும் ஒரு விசர் பிடித்துக்கொண்டது. விடிய அவர் தேத்தண்ணிக்குக் கையை நீட்டினால், கோப்பையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

“நான் ஆர்?”

“உமக்கென்ன விசரே? என்ரை மனிசி.”

அதைக் கேட்ட பிறகுதான் கொடுப்பேன்.