பொறுக்கிற வியாதி

எழுபதுகளின் நடுவில் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். பாம்புக்கடிதான் எங்களுக்கு அதிகம் வரும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களைக் கட்டிலோடு தூக்கி வருவார்கள். அதற்கடுத்து காசநோய். மலைத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் இருமலோடு கீழே இறங்கி வருவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஓர் அக்கா. இருமல் நிற்கவில்லை என்று ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். புருஷன் இல்லை. சின்னமனூரில் தம்பி வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் ஊசிக்கு வருவார். ஒரு வருடத்துக்கு மேல் விடாமல் மருந்து எடுத்தால்தான் அந்த நோய் தீரும். கொஞ்ச நாளில் காய்ச்சல் விட்டது. கன்னத்தில் சதை பிடித்தது.

“சோறு ருசிக்குதும்மா. தம்பி பொண்டாட்டி மொகத்தச் சுளிக்கிற அளவுக்குத் திங்கிறேன்” என்று சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் அடுத்த வருட பட்ஜெட்டுக்கான கூட்டம். மருந்து இருப்பு என் பொறுப்பு என்பதால் டாக்டர் என்னையும் கூட்டிப் போனார். மாவட்ட அதிகாரி நல்ல மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

“டெல்லியிலயே இந்தத் தடவ சுகாதாரத்துக்குக் கைய இறுக்கிட்டாக. மெட்ராசுக்கு வந்ததுலயும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் போக மிச்சம்தான் நமக்கு. மருந்து வெலையோ ஏறிக்கிட்டே போகுது. கேட்டதெல்லாம் கெடைக்காது டாக்டர். எது மொதல்ல வேணும்னு வரிசையாச் சொல்லுங்க.”

“எதையும் விட முடியாது சார்.”

“எனக்குத் தெரியாதா? மேல போயி நானும் இதத்தான் சொன்னேன். வரிசை போட்டுக் கொண்டாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாக.”

டாக்டர் டீயைக் கீழே வைத்தார். பிறகு பாம்புக்கடி மருந்து, பிரசவ அறைக்கு வேண்டியது, நாய்க்கடி ஊசி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டி.பி. மருந்து கடைசிக்குப் போய்விட்டது.

“சரிதான். பாம்பு கடிச்சவன் சாயங்காலத்துக்குள்ள போயிருவான். டி.பி. கொஞ்சம் பொறுக்கும்” என்றார் அதிகாரி.

அவர் அலட்சியமாகச் சொல்லவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அந்த வரிசையைத்தான் போட்டிருப்பேன். அந்த அறையில் கெட்டவர் என்று யாரையும் என்னால் இன்றுவரை கைகாட்ட முடியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டியதும் டாக்டர் கேட்டார்.

“அந்த ஏலத்தோட்டத்துப் பொம்பளைக்கு இருக்கிற மருந்து எது வரைக்கும் வரும் சிஸ்டர்?”

“புதுசா யாருக்கும் ஆரம்பிக்கலேன்னா பங்குனி வரைக்கும் ஓட்டலாம் சார்.”

“அப்ப ஆரம்பிக்காதீங்க” என்றார்.

பங்குனி முடியுமுன்பே தீர்ந்துவிட்டது. புது வருடத்து மருந்து சித்திரையிலும் வரவில்லை, வைகாசியிலும் வரவில்லை. வெளியில் வாங்கச் சொல்லி டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். சந்தையில் மூட்டை தூக்கும் தம்பி முடிந்தவரை வாங்கிவந்தார். அப்புறம் அந்த அக்கா வெறுங்கையோடு வர ஆரம்பித்தார்.

“மருந்து வந்துருச்சாம்மா?”

“இன்னும் வரலக்கா. டாக்டர் மதுரையில கேட்டிருக்காக.”

“அவுக கேட்டுமா குடுக்கல?”

நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அவரைப் பொறுத்தவரை டாக்டருக்கு மேலே சர்க்கார் என்று வேறொன்று இல்லை. நான் சத்து டானிக்கை ஊற்றிக் கொடுத்து அனுப்பினேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தேதான் கொடுத்தேன். வேறு எதுவும் கொடுப்பதற்கு இல்லை.

ஆடியில் காய்ச்சல் திரும்பி வந்தது. மதுரைப் பக்கம் காசநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டோம். படுக்கை காலியில்லை, காத்திருக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவரால் நடந்து வர முடியவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் தம்பி மட்டும் வந்து வாசலில் நின்றார்.

“அக்கா போயிருச்சும்மா. அது படுத்திருந்த பாய என்ன செய்ய? எரிச்சிரட்டுமா?”

“எரிச்சிருங்க” என்றேன்.

கார்த்திகையில் மருந்து வந்தது, நாங்கள் கேட்டதைவிடக் குறைவாக. தை மாதம் அந்தத் தம்பி மறுபடி வந்தார். மூட்டை தூக்கினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி வேர்க்கிறது என்றார். சளியைச் சோதித்ததும் தெரிந்துவிட்டது. ஊசி போட்டுவிட்டுப் பஞ்சால் கையை அழுத்திப் பிடித்திருந்தபோது, “எனக்காச்சும் முழுசாக் கெடைக்குமாம்மா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.